ரெண்டு அங்குலம் இறக்கிய கழி

– குனியாதே வெண்டலு, குனியாதே! குனிஞ்சு நடந்தா ஒசரம் கொறையாது, முதுகுக்குள்ள ஒளிஞ்சுக்கும். நிமிந்து நட!

– பாய், பானை ரொம்ப சூடு. நான் இறக்கு?

– பானைய இறக்குனா உன் பொழப்பும் சேந்து இறங்கிடும்டா. அஸர் தொழுகை நேரத்துக்கு பத்து காவான் ஸ்டேடியத்துலே உன்னை நிக்க வச்சு அளக்கப் போறாங்க. அது வரைக்கும் இந்தக் கழி உன் தோள விட்டுப் போகக் கூடாது.

– என்னங்க, அந்தப் புள்ளைய அதட்டாம வழிய பாருங்க. முன் பானையிலே கோழி, பின் பானையிலே சோறு. கொட்டுச்சுன்னா சாஹித் வீட்டுக் கல்யாணத்துலே நாம தலை காட்ட முடியாது.

– ஹாஜரா, நீ அச்சார் தட்டைப் புடிச்சுக்கிட்டுப் பேசாம வா. கல்யாணத்துக்கு என்ன அவசரம்? முதுகெலும்புதான் அவசரம்.

– லுஹர் தொழுகை முடிஞ்சதும் பந்தி. தள்ளுவண்டி சக்கரம் ஒடஞ்சு கெடக்கு. இந்தச் சந்துலே வேனும் நுழையாது. எனக்கு அவசரம்தான்.

– பாய்! தலை!

– தலைக்கு என்ன?

– சைன்போர்டு. என் தலை இடி.

– இடிச்சுச்சா? நல்லது லா! போகும்போது இடிச்சது திரும்பி வரும்போது இடிக்கக் கூடாது. அதான் கணக்கு.

– டேய் யூசுப்! என்னடா இது கூத்து? பட்டப்பகல்லே அமெரிக்காக்காரன் தோள்லே கழிய ஏத்தி சோத்துப் பானை தூக்க விட்டிருக்கே? சினிமா ஏதும் புடிக்கிறாங்களா?

– சினிமா இல்லே ஸுல்கிஃப்லி. நீ பாட்டுக்குக் கடிகாரக் கடைக்குள்ளயே உக்காந்திருந்தா உலகம் எப்படித் தெரியும்? பாஸ்கெட்பால்லே இந்த வருசம் புதுச் சட்டம். வெளிநாட்டு ஆட்டக்காரன் ஆறடி அஞ்சுக்கு மேலே இருக்கக் கூடாது. இருந்தா டிக்கெட் எடுத்துக் கையிலே குடுத்துடுவாங்க.

– ஒசரமா இருந்தாத்தானேடா பந்தைக் கூடையிலே போட முடியும்?

– அதான் கொடுமை! ரொம்ப ஒசரமா வந்துட்டா நம்ம பயலுவளுக்குப் பந்தே கெடைக்காதாம். நம்ம வெண்டல் எவ்வளவு? ஆறடி ஏழு! அமெரிக்கா காலேஜ்லே மைக்குல சொல்றான் பாரு, 'சிக்ஸ் ஃபுட் செவன்'னு. கூட்டம் எழுந்து நின்னு கத்துது. வீடியோ உனக்குக் காட்டுனேன்ல?

– எனக்கு மட்டுமா? கறிய பொட்டலம் கட்டி தாப்பாவ் பண்ண வந்தவன், வழி கேக்க வந்தவன், பூனை தேடி வந்தவன், எல்லாத்துக்கும் காட்டுனே. சரி, அதுக்கும் கழிக்கும் என்ன சம்பந்தம்?

– பாரம் தூக்குனா மனுசன் கொறைவான். காலையிலே எழுந்திருக்கும்போது ஆளு ஒசரம், பொழுது சாயச் சாய எறங்கிடுவான். எலும்புக்கு நடுவுலே இருக்கற தண்ணி நசுங்கிடுமாம். என் கொழுந்தியா அஃப்ரீன் வீடியோ அனுப்புனா, அதுலே டாக்டரே சொல்றாரு.

– டாக்டரு சோத்துப் பானை தூக்கச் சொன்னாரா?

– அது என் மூளை. இந்தக் கழி நம்ம நாசி கண்டார் சோத்துக் கடைச் சுவத்துலே சும்மாதானே தொங்குச்சு? எங்க வாப்பா இந்தக் கழியிலே ரெண்டு பக்கமும் பானைய மாட்டிச் சோறு வித்தாரு. அவரு அஞ்சடி ரெண்டு. அவரோட வாப்பாவும் வித்தாரு. அவரு அஞ்சடி. இந்தக் கழி இல்லாம வேற எதாலே அப்படி ஆவாங்க?

– நீ ஒரு நாளும் கழி தூக்குனதில்லையே. நீ ஏன் அஞ்சடி மூணு?

– நான் தூக்காததாலேதான் ஒரு அங்குலம் கூட! போடா, போய் கடிகாரத்தைத் திருப்பு.

– பாய், பேசாதே. நட. என் தோள் அரைச்ச சம்பல் ஆகு.

– பாத்தியா ஸுல்கிஃப்லி, எப்படி தமிழ் பேசுறான்!

– என்ன தமிழ்டா அது, எல்லாத்தையும் அதட்டியே பேசுறான்?

– தினம் சாப்பிட வந்து நம்ம அடுப்படியிலே கத்துக்கிட்டது அண்ணே. அங்கே யாரு 'நான் போறேன், நான் வர்றேன்'னு நின்னு பேசுறா? ஊத்து, அள்ளு, ஓடு, வழிய விடு, அவ்வளவுதான். அந்தப் புள்ள அதை வச்சே வாழ்க்கைய ஓட்டுது.

– ஹாஜரா, சொந்தக்காரங்க எல்லாம் வாசல்லே நிக்குறாங்க. சிரிச்ச முகமா வா. வெண்டலு, கழிய சாய்க்காம உள்ளே போ. செருப்பு, ஷூ எல்லாம் வெளியே.

– ஷூ வேணும் பாய். ஷூ கழட்டாதே.

– கல்யாண வீட்டுக்குள்ள ஷூவோட நுழைஞ்சா சாஹித் உன்னையும் சேத்து தம் போட்டுடுவான். கழட்டு!

– சரி, சரி. கழட்டு. பாய், நீ அந்தப் பக்கம் பாரு.

– ஏன் அந்தப் பக்கம் பாக்கணும்? பொண்ணாடா நீ? ...அல்லாவே! ஹாஜரா! இங்கே பாரு!

– என்னங்க, என்ன ஆச்சு?

– கதவு நிலை! போன மாசம் இதே வீட்டுக்கு வந்தப்ப உச்சந்தலையிலே இடிச்சு வீங்குச்சுல்ல? இப்ப பாரு, தலைக்கு மேலே காத்து போகுது! கொறைஞ்சுட்டான்! மாஷா அல்லாஹ், கழி வேலை செய்யுது!

– அன்னிக்கி ஷூவோட நுழைஞ்சான், இன்னிக்கி கழட்டிட்டான்ல?

– ஷூ காலுக்கு, நிலை தலைக்கு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

– ஒரு சம்பந்தமும் இல்லங்க. நீங்க சொன்னா சரிதான். தம்பி, பானைய மெதுவா இறக்கு. அங்கே இல்லே, பந்தி நடக்கற எடத்துலே. இன்னும் நாலு நடை இருக்கு.

– நாலு?! அக்கா, என் தோள்...

– அவ சொல்றது சரிதான் வெண்டலு. ரெண்டு அங்குலம் ஒரே நடையிலே கொறையுமா? நட, நட!

*

– என்னங்க, எல்லாப் பானையும் வந்தாச்சு. இப்பவாச்சும் ஒரு வார்த்தை கேக்குறீங்களா? என் தையல் பெட்டியிலே அளவு டேப் இருக்கு. எடுத்து ஒரு தடவை அளந்து பாத்துட்டா மனசுக்கு நிம்மதிதானே?

– ஹாஜரா, நல்ல யோசனை! டேப்பைக் கொண்டா!

– வேணாம்! பாய், வேணாம்! டேப் எடுக்காதே!

– ஏன்டா அலர்றே? பாம்பா அது?

– பாய்... பிரியாணி தம் போடு. மூடி வை. நடுவுலே மூடி தொற, பாரு, ஆவி போ. பிரியாணி கெட்டுப்போ. நீதான் தினம் கத்து: 'மூடியைத் தொடாதே, தொட்டா கைய ஒடை!'

– ...ஹாஜரா.

– என்னங்க?

– இவன் சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. தம்லே இருக்கற பானையத் தொறந்து பாக்கறவன் சமையக்காரனே இல்லே. இப்ப இவன் தம்லே இருக்கான். டேப்பைப் பொட்டியிலே வச்சுப் பூட்டு.

– பூட்டிட்டேன். ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் ஒத்துப் போகுது.

– அக்கா, பசி. நான் சாப்பிடு?

– சாப்பிடாதே! வயிறு நெறஞ்சா மனுசன் நிமிந்துடுவான். அளந்து முடியட்டும், ஆடு ஒண்ணு முழுசா தர்றேன்.

– போதும்ங்க உங்க வைத்தியம். தம்பி, இங்கே வந்து உக்காந்து சாப்பிடு. கோழி ரெண்டு துண்டு போட்டிருக்கேன். பாரம் தூக்குன புள்ளைக்குச் சோறு போடாம இருந்தா எனக்குத்தான் பாவம். அடுத்த வாரம் பைராம் தோட்டத்துலே வடிவம்மா மக கல்யாணம், ரெண்டாம் நாளு பிரியாணி நாமதான். மழை பெஞ்சா மண் ரோட்டுலே வேன் உள்ளே போகாது. பானைய எப்படிக் கொண்டு போறதுன்னு இப்பவே யோசிக்கணும்.

– இவன் பொழப்பே ஊசலாடுது, நீ வடிவம்மா மக கல்யாணத்தைப் பேசிக்கிட்டு இருக்கே! எழுந்திருடா, வேன்லே ஏறு!

*

– டேய், சாயாதே! சீட்டுலே சாஞ்சா முதுகு நீளும். நேரா உக்காந்து அந்த அரிசி மூட்டைய தோள்லே வச்சுக்க.

– பாய், இந்தப் பாலம் எப்ப முடி?

– ரெண்டாவது பாலம்டா, கடலுக்கு நடுவுலே போகுது. அவ்வளவு சீக்கிரம் முடியாது. பேச்சு குடு, பாரம் தெரியாது. எந்தெந்த ஊருலே விளையாடுனே, சொல்லு. ஹாஜரா கேட்டதில்லே.

– கேட்டிருக்கேன். மறுபடியும் சொல்லு தம்பி, கேக்குறேன்.

– முந்தி லித்துவேனியா. உருளைக்கிழங்கு சாப்பிடு. பனி. கோச் திட்டு, நான் சிரி. எனக்கு மொழி புரியாதே. அப்புறம் லெபனான். ரொட்டி சாப்பிடு. நல்ல ரொட்டி. ஒரு நாள் ஆட்டம் பாதி, டீம் முதலாளி ஓடு.

– ஓடிட்டானா? எங்கே?

– தெரியாதே. முதலாளி ஓடு, நாங்க எல்லாம் பின்னாடி ஓடு. எதிர் டீமும் ஓடு. அன்னிக்கிதான் நான் ரொம்ப வேகம் ஓடு. அப்புறம் மங்கோலியா. குதிரைப் பால் குடி. அக்கா, அந்த வயிறு பேசாதே. அப்புறம் பினாங்கு. நாசி கண்டார். இங்கே நில்லு.

– காலேஜ்லே விளையாடுனதைச் சொல்லுடா. கூட்டம் எழுந்து நின்னு கத்துச்சுல்ல?

– காலேஜ்லே... நான் குட்டை, பாய்.

– என்னது?

– அங்கே எல்லாரும் பெரிசு. கோச் சொல்லு, 'வெண்டல், இந்த ஒசரம் பத்தாது. பெரிய லீக் மறந்துபோ. போய்த் தொங்கு.' நான் தினம் கம்பியிலே தொங்கு. சாப்பிட்டுத் தொங்கு, படிச்சுத் தொங்கு. அம்மா போன் பண்ணு, நான் தொங்கு, பக்கத்துலே ஆளு காதுலே போன் வை.

– வளந்தியா?

– கை மட்டும் வளர்.

– ஆறடி ஏழு இருந்தும் அங்கே குட்டையா தம்பி?

– ...ஆமா அக்கா. அங்கே ஏழும் குட்டை.

– அங்கே ஏத்தப் பாத்தாங்க, இங்கே எறக்கப் பாக்குறோம். நீ என்னடா, ரயில்வே கேட்டா? சரி, உள்ளதைச் சொல்லு. இன்னிக்கி கோட்டுக்கு மேலே வந்துட்டா என்ன பண்ணுவே?

– பிளேன் ஏறு. ஊருக்குப் போ. என் தம்பி டயர் கடை வை. நான் அங்கே டயர் தூக்கு. எனக்கு முப்பத்து நாலு வயசு பாய். வேற டீம் கூப்பிடாதே. முடிஞ்சுபோ.

– டயரு தூக்கறதுக்குப் பானை தூக்கறது மேல் தம்பி. பானையிலே வாசமாவது இருக்கும்.

– ஹாஜரா, அவன் கண்ணு கலங்குது, நீ வாசம் பேசுறே. டேய் வெண்டலு, இங்கே பாரு. நீ போக மாட்டே. நான் சொல்றேன்ல?

– பாய் ரோட்டைப் பாரு.

– ரோடு எங்கயும் போகாது. பள்ளிக்கூடத்துலே என்னை எல்லாரும் குள்ளன்னுதான் கூப்பிடுவானுங்க. படம் புடிக்கிறப்ப முதல் வரிசையிலே தரையிலே உக்கார வைப்பானுங்க. இப்ப நான் உன்னோட பசார்லே நடந்தா அதே பயலுவ வழி விடுறானுங்க. 'நெட்டையோட பாய் வர்றாரு'ங்கறான். உன்னை அண்ணாந்து பாத்துப் பேசிப் பேசி எனக்குக் கழுத்து புடிச்சுக்கிச்சு, தைலம் தேய்க்காத நாளில்லே. ஆனா சந்தோசமா இருக்குடா. நீ போயிட்டா கழுத்து சரியாகும், மனசு சரியாகாது.

– பாய்...

– அழாதே. கண்ணைத் தொடச்சுக்க.

– பாய், நான் கொஞ்சம் குட்டை ஆகு... அப்பவும் நீ என்னை நெட்டைன்னு கூப்பிடு?

– ரெண்டு அங்குலம் கொறஞ்சாலும் நீ நெட்டைதான்டா! ஆனா அதுக்கும் கீழே எறங்கிடாதே. பேனர்லே ஆறடி ஏழுன்னு அடிச்சுக் கடை வாசல்லே கட்டியாச்சு. சூலியா ஸ்ட்ரீட் முழுக்க நம்மளைத்தான் பாக்குது.

– ...சரி பாய்.

– தம்பி, மூட்டைய இறக்கி வை. அரிசி சிந்துது.

*

– வந்தாச்சு. எங்கே அளக்குறாங்க? அந்தக் கதவா? வா, நானும் உள்ளே வர்றேன்.

– பாய் வராதே!

– ஏன்டா? நான் கையப் புடிச்சுக்கிட்டு நிக்குறேன்.

– பாய் உள்ளே வந்தா நான் பயப்படு. பயந்தா முடி நிக்கு. முடி நின்னா ஒசரம்.

– மொட்டைத் தலையிலே ஏதுடா முடி?

– கையிலே. கைமுடி நிக்கு, தோள் தூக்கு, எல்லாம் தூக்கு. பாய், நீ தொழு. எனக்கு துஆ பண்ணு. அது பெரிசு.

– அதுவும் சரிதான். அஸர் நேரமாச்சு. அந்தப் பக்கம் தொழற சூராவ் இருக்கு. ஹாஜரா, நீ இந்த பெஞ்சிலே உக்காரு. எவன் வந்தாலும் கழியத் தொட விடாதே. அது இனி சாதாரணக் கழி இல்லே.

– நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்.

– வெண்டலு, உள்ளே போய் மூச்சை விட்டுடு. இழுத்துப் புடிச்சா பலூன் மாதிரி ஏறும். பிஸ்மில்லா சொல்லி எறங்கு!

*

– சியாப்! பாய், அளந்து முடி, சியாப்!

– என்னடா ஆச்சு? தொழுது ஸலாம் குடுத்ததும் ஓடி வர்றேன். சொல்லு, மேலயா கீழயா?

– கீழே! விளையாடு! மேனேஜர் மோகனராஜ் சொல்லு, 'வெண்டல், சனிக்கிழமை பயிற்சி, லேட்டா வராதே!' நான் இங்கே நில்லு பாய், இங்கே நில்லு!

– அல்ஹம்துலில்லாஹ்! ஹாஜரா, கேட்டியா! எவ்வளவுடா, சரியா எவ்வளவு?

– ஆறடி... அஞ்சு. கோடு... ஒட்டி. கொஞ்சம் கீழே.

– சரியா ரெண்டு அங்குலம்! நான் நெனச்ச அதே ரெண்டு! எங்க வாப்பா இருந்திருந்தா இந்தக் கழிக்கு முத்தம் குடுத்திருப்பாரு. இரு, பேனர் அடிக்கறவனுக்கு இப்பவே போன் போடுறேன். 'அமெரிக்காவையே இறக்கிய கழி'ன்னு பெரிய எழுத்துலே. பக்கத்துலே உன் படம், இந்தப் பக்கம் என் படம்.

– உங்க படம் எதுக்குங்க?

– கழிக்குச் சொந்தக்காரன் நான்தானே! இங்கே சிக்னல் இல்லே. வேன்கிட்டே போய்ப் பேசிட்டு வர்றேன். அவனைப் படுக்க விடாதே ஹாஜரா, திரும்ப வளந்துடப் போறான்!

– சரிங்க, மெதுவா போங்க. கல்லு தடுக்கும். ...தம்பி.

– அக்கா?

– இப்படி உக்காரு. பெஞ்சு தாங்கும். உள்ளே அளந்த அம்மாவுக்கு நல்ல சத்தமான தொண்டை.

– ...அக்கா கேளு?

– கேட்டேன். கேக்காட்டியும் தெரியும். ஆறடி மூணு.

– அக்கா!

– கத்தாதே, அவரு வந்துடப் போறாரு. போன நோன்புப் பெருநாளைக்கு உனக்கு பாஜு சட்டை தைக்க என் வீட்டுக் கூடத்துலே வெறுங்காலோட நிக்க வச்சு அளந்தது யாரு? தலையிலேருந்து குதிகால் வரைக்கும் பிடிச்சேன். ஷூவோட நடந்தா ஆறடி நாலு. ஏழுங்கறது காலேஜ்லே மைக்குப் புடிச்சவன் ஒசரமோ என்னமோ.

– காலேஜ்லே எல்லாருக்கும் ஒசரம் கூட்டு, அக்கா. பெரிய டீம் பயப்படு. எனக்கும் கூட்டு. அப்புறம் லித்துவேனியா, லெபனான், எல்லாரும் ஏழு கூப்பிடு. நான் சும்மா இரு.

– சட்டம் வந்தப்ப பாய்கிட்டே சொல்லியிருக்கலாமே. 'நான் கோட்டுக்குக் கீழேதான் இருக்கேன்'னு ஒரு வார்த்தை. வெயில்லே இத்தனை பானை தூக்கியிருக்க வேணாம்ல?

– சொல்லு... ஆனா எப்படி சொல்லு? அமெரிக்காவுலே பொறந்தது மொதல் எல்லாரும் குட்டை கூப்பிடு. இங்கே பாய் என்னை அண்ணாந்து பாரு, நெட்டைன்னு கூப்பிடு. பாய் கழுத்து வலி, ஆனா பாய் சிரி. எனக்கு அது ரொம்பப் புடி, அக்கா. பானை வலி சும்மா. பாய் ஏமாந்து போ, அதுதான் பெரிய வலி.

– ம்.

– அக்கா முந்தியே தெரி... அப்புறம் ஏன் டேப் கேளு?

– நீ எப்படித் தப்பிக்கறேன்னு பாக்கத்தான். தம் போட்ட பானைன்னியே, அங்கேதான் அசந்துட்டேன்.

– அக்கா, அந்த வீடியோ... அஃப்ரீன் அனுப்பு... டாக்டர்...

– அதை அஃப்ரீனுக்கு அனுப்பி, 'உன் பேர்லே மச்சானுக்கு அனுப்புடி'ன்னு சொன்னது நான்தான். தள்ளுவண்டி ஒடஞ்ச அன்னிக்கே. உங்க ரெண்டு பேர்கிட்டயும் பானைய தூக்குங்கன்னு நேரா கேட்டா தூக்குவீங்களா? ஒருத்தருக்கு முதுகு வலி வந்துடும், ஒருத்தனுக்குப் பயிற்சி வந்துடும்.

– ...அக்கா, நீ பெரிய ஆளு.

– அஞ்சடிதான் தம்பி.

– அக்கா, ப்ளீஸ். பாய்கிட்டே சொல்லாதே. எப்பவும் சொல்லாதே.

– ஹாஜரா! பேனருக்குச் சொல்லியாச்சு! நாளைக்கே கட்டிடலாம்! என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருக்கீங்க?

– ஒண்ணுமில்லங்க. படுத்து எழுந்தா தம்பி திரும்ப வளந்துடுவானாம், ரொம்ப பயப்படுறான். அதான், அடுத்த வாரம் பைராம் தோட்டத்துக்கும் கழியோட வந்துடுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.